வெட்டுக்கிளியில் ஏறிய கேக்

ரோஜாவுக்கு முப்பத்து மூன்று வயது. முழங்கை வரை அடர்ந்த முடி, கதவு நிலையை இடிக்கும் தோள். சர்க்கரையில் ரோஜாப்பூ செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் துணைக்கு வந்த நண்பன் "ரோஜா, உன் முறை" என்று கத்த, வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஒரு பெண்ணைத் தேடினார்கள். இவன் எழுந்து நின்றதும் தேடலைக் கைவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

அவனுக்கு அக்காவின் கேக் கடையில்தான் வேலை. அக்கா கேக் சுடுவாள், ரோஜா அலங்கரிப்பான், அக்காவின் கணவரான மாமா வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார். பதினோரு வருடமாக இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் வேன் மட்டும் ஓடுவதை நிறுத்திக்கொண்டது. ரவுண்டானாவின் நடுவே நின்ற அதன் பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ரோஜா பேச்சை எடுத்தான்.

"அக்கா, நீ வேன் வாங்க வேணாம். நான் என் காசுல ஒரு வண்டி வாங்குறேன். நம்ம கேக்கெல்லாம் அதுலயே போகட்டும்."

அக்கா மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "எது, எதிர்த்தாப்ல கண்ணாடிக்குள்ள நிக்குதே, அதுவா?"

அதுதான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கார் ஷோரூம் ஒன்று இருந்தது. அங்கே நின்ற காரை ஊரெல்லாம் வெட்டுக்கிளி என்றே அழைத்தது. மலைப்பாதைகளிலும் செம்மண் தடங்களிலும் ரேலிப் பந்தயம் ஓட்டவென்றே பிறந்த வண்டி. மேடு வந்தால் தாவும், பள்ளம் வந்தால் குதிக்கும், சேறு வந்தால் சிரிக்கும். அது எந்த வருடம் எந்த வளைவில் குட்டிக்கரணம் போட்டது, கவிழ்ந்த பிறகு எத்தனை நொடியில் எழுந்து ஓடியது என்பதெல்லாம் ரோஜாவுக்கு மனப்பாடம். பதினோரு வருடச் சேமிப்பும் அதற்காகத்தான். கிரீம் பையைப் பிழியும்போதெல்லாம் அவன் மனதுக்குள் ஏதாவது ஒரு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பான். சில கேக்குகளில் ஓரத்துக் கரை கொஞ்சம் வேகமாகத் திரும்பியிருப்பதற்கு அதுவே காரணம்.

அக்கா யோசித்தாள். தம்பியின் காசு, தம்பியின் ஆசை. ஆனால் கேக் அவளுடையது.

"வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு. ஓட்டிப் பாக்கும்போது உள்ள கேக் இருக்கணும். கேக் போனபடியே திரும்பி வரணும். ஒரு பூ நகர்ந்தாலும் வேன்தான். உன் காசுலயே வேன்."

"சரிக்கா," என்றான் ரோஜா.

ஷோரூம்காரர் எந்நேரமும் டை கட்டியிருக்கும் மனிதர். விற்கிற ஒவ்வொரு காருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு சின்ன கேக் தருவது அந்த ஷோரூமின் வழக்கம். அதெல்லாம் அக்கா கடையிலிருந்துதான் போகும். அதனால் கேக்கை வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்போம் என்று அக்கா கேட்டதை அவரால் மறுக்க முடியவில்லை.

"மூணு மாடல் இருக்கு மேடம்," என்று கைகளை விரித்தார். "முதல்ல டூரிங். குடும்பத்துக்கானது. மெத்தை மாதிரி சஸ்பென்ஷன், கியர் தானா மாறும், சீட்டு சூடாகும். அடுத்தது ஸ்போர்ட். அதே உடம்பு, கொஞ்சம் கோபம். மூணாவது ரேலி." இங்கே அவர் குரலைத் தணித்தார், கோயிலுக்குள் பேசுவதுபோல. "பந்தயத்துல ஓடுற அதே ஸ்பிரிங்கு. கல்லு. எடையக் குறைக்க பின் சீட்டையே எடுத்துட்டாங்க. ரேடியோ இல்ல. ஏசி இல்ல. உள்ள வெறும் இரும்புக் கம்பி."

"இருக்கறதெல்லாம் எடுத்துட்டு காசு மட்டும் அதிகமா வாங்குறீங்க," என்றாள் அக்கா.

"அதான் மேடம் பெர்ஃபார்மன்ஸ்."

மாமா டூரிங்கின் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு இடுப்புவலி. சீட்டுச் சூட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி, மூன்றில் கண்ணை மூடிக்கொண்டார். ரோஜா, "எனக்கு எதுன்னாலும் ஓகே" என்று வாயால் சொல்லிக்கொண்டு, ரேலியின் பின்சக்கரத்தைக் கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை ரோஜா ஒரே அச்சாக மூன்று கேக் தயார் செய்தான். இரண்டு அடுக்கு, வெள்ளைப் பூச்சு, உச்சியில் ஒரு சிவப்பு ரோஜா. கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் மாடல் கேக்கின் நகல்தான் அது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் விரல் நீட்டிக் கேட்பார்கள், கை தானாகவே அதைச் செய்துவிடும். ஒரு வண்டிக்கு ஒரு கேக். கடையில் கிளம்பி, ரவுண்டானா சுற்றி, மூன்று வேகத்தடை ஏறி, கற்கள் பதித்த சந்துக்குள் புகுந்து நூலகம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதே வழி, அதே ஓட்டுநர்.

முதலில் டூரிங். ஷோரூம்காரர் முன்னால், அக்கா பின்னால், அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் விரித்த சீட்டில் கேக். ரோஜா ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எங்கிருந்தோ மலைக்காற்று வீசியது. ரேலியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரப்போகும் வளைவுகளை வாசித்துக்கொண்டே வருவார். இங்கே அந்த ஆள் இல்லாததால் ரோஜா தனக்குத்தானே முணுமுணுத்தான்.

"நூறு மீட்டர், வலது மூணு, நீளம், விடாத..."

"என்னடா விடாத?" என்றாள் அக்கா.

அது ரவுண்டானா. டூரிங் அதில் படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை, ஏனென்றால் ரவுண்டானா இன்னும் முடியவில்லை. கேக் பிளாஸ்டிக்கின் மேல் அலுங்காமல் நலுங்காமல் வழுக்கிக்கொண்டு போய் அக்காவின் இடுப்பில் அணைந்தது. முதல் வேகத்தடையில் மேலடுக்கு எழுந்து நின்றது. இரண்டாவதில் மடிக்கு வந்தது. மூன்றாவதில் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

கடைக்குத் திரும்பியபோது அக்கா மடியிலிருந்த கிரீமை விரலால் வழித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினாள்.

"ரொம்ப சொகுசா இருந்துச்சு," என்றாள். "கேக்குக்கும் சொகுசுதான். என் மேலயே படுத்துட்டு வந்துச்சு."

சேலை மாற்றிக்கொண்டு ஸ்போர்ட்டில் ஏறினாள். இந்த முறை ரவுண்டானாவில் கேக் அசையவில்லை. வேகத்தடைகளையும் அது தாங்கியது. நூலகத்துக்கு முந்தைய சந்தில்தான் வினை காத்திருந்தது. கற்களின் மேல் சக்கரம் ஏறியதும் வண்டி முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அந்த நடுக்கத்தில் மேலடுக்கு மெல்லச் சுற்றத் தொடங்கியது, கடிகார முள் மாதிரி. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிமிடம். சந்து முடியும்போது கேக் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் ரோஜாப்பூவைக் காணோம். எல்லாரும் குனிந்து தேடினார்கள். கடைசியில் அது ஷோரூம்காரரின் சட்டைக் காலருக்குப் பின்னால் கிடைத்தது. அவர் அதை உணர்ந்திருந்தார், ஆனால் விற்பனை நேரத்தில் முதுகு சொறிவது நன்றாயிருக்காது என்று பேசாமலிருந்திருக்கிறார்.

"ரெண்டு அவுட்டு," என்றாள் அக்கா. "வேன் கம்பெனி நம்பர் யார்கிட்ட இருக்கு?"

"அக்கா, இன்னும் ஒண்ணு இருக்குக்கா."

"மெத்தையும் ஆவல, பாதி மெத்தையும் ஆவல. கல்லுல வச்சா கேக் நிக்குமாடா?"

ரோஜா கடைக்குள் ஓடினான். மேசை மேல் இருந்த மூன்றாவது கேக்கை, அடிப்பலகையோடு அள்ளிக்கொண்டு வந்தான். அது லேசாக இருந்ததுபோலத் தோன்றியது. ரேலி மாடலின் ஸ்டியரிங்கைத் தொடப்போகிறவனுக்கு எல்லாமே லேசாகத்தான் தோன்றும். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் வைத்தான். வண்டியில் இரண்டே சீட்டு என்பதால் அக்கா கடையிலேயே நின்றுவிட்டாள். ஷோரூம்காரர் பந்தய சீட் பெல்ட்டின் நான்கு பட்டைகளையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் பற்றி ரோஜா பிற்பாடு யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வெட்டுக்கிளி வெட்டுக்கிளியாக இருந்தது. தெருவின் ஒவ்வொரு மணலும் முதுகெலும்பு வழியாக வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது. எக்ஸாஸ்ட் படபடவென்று வெடித்தது. வேகத்தடைகளில் நான்கு சக்கரமும் தரையை விட்டன என்று ரோஜா நம்பினான். ஐந்தாவதும் விட்டது என்று ஷோரூம்காரர் நம்பினார்.

திரும்பி வந்து நின்றபோது அவருடைய டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. பின்கதவு திறந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

கேக் வைத்தது வைத்தபடி இருந்தது. ஓரத்துக் கரை முழுசாக இருந்தது. ரோஜாப்பூவின் ஓர் இதழ்கூட நகரவில்லை.

அக்கா அளவுகோல் கொண்டுவந்து நான்கு பக்கமும் அளந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தாள்.

"ஒத்துக்கறேன்டா," என்றாள் கடைசியில். "எப்படின்னு தெரியல. ஆனா ஒத்துக்கறேன்."

ஷோரூம்காரர் கேக்கைப் பல கோணங்களில் படம் எடுத்தார். "மேடம், இது ஹெட் ஆபீஸுக்கே போகணும்," என்றார். ரோஜா கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்துவிட்டான். அப்போதுதான் மாமா, "கேக்கு பாஸாயிடுச்சுல்ல, ஆளுக்கொரு துண்டு வெட்டுங்களேன்," என்றார்.

அக்கா கத்தியை வைத்தாள். கீச் என்றது.

அக்கா கத்தியை எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். கீச்ச்ச்.

"நல்லா செட் ஆயிருக்கு," என்றார் மாமா.

அக்கா அழுத்தி அறுத்து ஒரு துண்டை எடுப்பதற்குள், பக்கத்திலிருந்த ஷோரூம்காரர் மரியாதையாகக் கை நீட்டி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். நிதானமாக மென்றார்.

"ரொம்ப லைட்டா இருக்கு மேடம்."

"துப்புங்க தம்பி," என்றாள் அக்கா. "அது தெர்மாகோல்."

அறுபட்ட இடத்திலிருந்து வெள்ளை மணிகள் காற்றில் பறந்து ரேலி மாடலின் பானெட்டில் பனிபோல இறங்கின. கண்ணாடிக்குள் மாதக்கணக்கில் இருந்தும் கெடாமலிருக்கத் தெர்மாகோல் மேல் சர்க்கரை பூசிச் செய்த மாடல் கேக் அது. எல்லாருடைய பார்வையும் சொல்லிவைத்தாற்போல மாமாவின் பக்கம் திரும்பியது.

"நான் என்ன பண்ணேன்? கண்ணாடி அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். அதுக்காக மாடலை எடுத்து மேசைல வச்சேன். தொடச்சு முடிச்சதும் மேசைல இருந்தத எடுத்துத் திருப்பி வச்சேன். மேசைல ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருந்துச்சு." ரோஜாவைப் பார்த்தார். "அவ்வளவு அச்சு அசலா செஞ்சா எப்படி மாப்ள?"

முகப்பில், பிற்பகல் வெயிலில், மூன்றாவது கேக் கண்ணாடியில் தலை சாய்த்து உருகிக்கொண்டிருந்தது. வெளியே நடந்துபோன ஒருவர் நின்று, அதைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"டெஸ்ட்டு செல்லாது," என்றாள் அக்கா.

ரோஜா பேனாவை மூடவில்லை. "அக்கா, இன்னொரு சான்ஸ். நிஜ கேக் வச்சு."

"எங்கடா இருக்கு நிஜ கேக்கு?"

கேட்ட மாத்திரத்தில் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. குளிர்பெட்டிக்குள் ஒரே ஒரு கேக் இருந்தது. ஓய்வு பெறும் நூலகருக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து புத்தகங்கள். மேல் புத்தகம் திறந்திருக்கும், அதன் பக்கங்களை மட்டும் ரோஜா இரண்டு நாள் செய்தான். அதை நான்கு மணிக்கு நூலகத்தில் சேர்க்க வேண்டும். மணி மூன்றரை. வேனும் இல்லை, டூரிங்கும் ஸ்போர்ட்டும் ஏற்கெனவே தோற்றவை.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், ரேலியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"எடு. ஆனா பக்கத்துல நான்தான் உட்காருவேன்."

அக்காவை கிண்ணம் போலக் குழிந்த அந்தப் பந்தய சீட்டுக்குள் இறக்கி நான்கு பட்டைகளையும் மாட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மாட்டிய பிறகு அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அதன் கண்ணாடியில் பின்னாலிருந்த கேக்கைப் பார்த்தாள். மாமா டூரிங்கை எடுத்துக்கொண்டு ஷோரூம்காரரோடு பின்னால் வந்தார்.

ரோஜா கிளட்ச்சை விட்டான். வண்டி ஓரடி நகர்ந்தது. பின்னால் ஐந்து புத்தகங்களும் ஒருசேர நடுங்கின.

அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. சர்க்கரைப் பக்கம் சர்க்கரைப் பக்கத்தோடு உரசும் மெல்லிய சத்தம். ரேடியோ இல்லாத, மெத்தை இல்லாத, எதையும் மறைக்காத அந்த வண்டிக்குள் அது இடிபோல விழுந்தது. முந்தைய ஓட்டத்தில் பறந்த அதே தெருவில் இப்போது ஒவ்வொரு சிறு கல்லும் மலையாக நின்றது. ரோஜாவின் கால் ஆக்சிலரேட்டரை விட்டு விலகி, தொடலாமா வேண்டாமா என்று மேலேயே தொங்கியது.

"முன்னாடி குழி," என்றாள் அக்கா, பவுடர் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே. பதினோரு வருடம் மாமாவோடு வேனில் வந்த வழி. தெரு அவளுக்கு அத்துப்படி. "வலது ஓரமா வா. இன்னும். அங்க தண்ணிக்குழாய் மூடி ஒண்ணு தூக்கிட்டு நிக்கும். விடு. நில்லு. சைக்கிள்காரர் போகட்டும்."

சைக்கிள்காரர் முந்திப் போனார். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் அம்மா முந்திப் போனாள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் கொஞ்ச தூரம் சமமாக வந்து, "என்ன வண்டி தம்பி இது?" என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேட்டுவிட்டு, பிறகு முந்திப் போனார். மலைகளுக்காகப் பிறந்த எஞ்சின் அவமானத்தில் இருமியது. ரோஜாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேகம் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை.

மாமாவிடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்ள, பின்னால இருபது வண்டி நிக்குது. ஹாரன் அடிக்கிறாங்க. நீ பதறாத, இன்னும் மெதுவாவே போ. எனக்கு சீட்டு இப்பதான் இதமா சூடாயிருக்கு."

"சந்து வருது," என்றாள் அக்கா. குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "கல்லு. நடுவுல வேணாம், இடது சக்கரத்த சாக்கடை மூடி மேல ஏத்து, அது சமமா இருக்கும். அப்படியே. மூச்சு விடாத. சரி, விட்டுக்கோ. மறுபடி பிடி."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டே அந்தச் சந்தைக் கடந்தார்கள்.

நூலகத்தின் வாசலில் நூலகர் நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் மாலை, கையில் கடிகாரம். "இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு," என்றார். "முப்பது வருஷமா இதுக்குத்தான் அபராதம் போட்டுட்டு இருந்தேன்."

பின்கதவைத் திறந்தார்கள். ஐந்து புத்தகங்களும் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. திறந்த பக்கம் திறந்த பக்கமாகவே இருந்தது. நூலகர் குனிந்து அதை வாசிக்கப் பார்த்தார், எழுத்து எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். ரோஜா படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஷோரூம்காரர் படிவத்தோடு வந்தார். "மேடம், சொல்லுங்க. எந்த மாடல்?"

"ரேலி," என்றாள் அக்கா.

ரோஜா தலை நிமிர்ந்தான். சந்தோஷம் அவன் முகத்தில் பாதி வழி ஏறியது.

"டூரிங்ல இவன் பறந்தான்," என்று அக்கா ஷோரூம்காரருக்கு விளக்கினாள். "ஸ்போர்ட்ல பறந்தான். இதுல நிஜ கேக்க வச்சா மட்டும்தான் மனுஷனா ஓட்டுறான். பதினோரு வருஷத்துல இவன் இவ்வளவு பொறுப்பா எதையும் பண்ணி நான் பாத்ததில்ல." கொஞ்சம் யோசித்தாள். "இதவிட இன்னும் கல்லா ஒண்ணு வருமா தம்பி?"

"இல்ல மேடம். இதுக்கு மேல மாட்டுவண்டிதான்."

சந்தோஷம் ரோஜாவின் முகத்தில் ஏறிய இடத்திலேயே நின்றது. கனவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் நடந்துபோகிற பெரியவர்கள் முந்திப் போகும்படி அதை ஓட்ட வேண்டும், திங்கள் முதல் சனி வரை. அவன் மனசுக்குள் கிழமைகளை எண்ணினான். ஞாயிற்றுக்கிழமையில் போய் நின்றது எண்ணிக்கை. ஞாயிறன்று கடை கிடையாது. ஞாயிறன்று பின்னால் வெறும் ரப்பர் விரிப்புதான் இருக்கும். ஊருக்கு வெளியே அந்தச் செம்மண் பாதை இருக்கும். அவன் முகம் மறுபடி மலரத் தொடங்கியது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த மாசத்துலருந்து ஞாயித்துக்கிழமையும் ஆர்டர் எடுக்கலாம்னு இருக்கேன்," என்றாள்.

ரோஜா கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்ததும் ஷோரூம்காரர் வழக்கப்படி, "வண்டி டெலிவரி அன்னிக்கு எங்க சார்புல உங்களுக்கு ஒரு சின்ன கேக் உண்டு சார்," என்றார்.